காது வைத்துக் கேட்டவர்

லண்டன் ஸ்லோன் ஸ்கொயர் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்று அண்ணாந்து பார்த்தால், தண்டவாளங்களுக்கு மேலே பெரிய இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே செல்வதைக் காணலாம். அதற்குள் ஓடுவது வெஸ்ட்போர்ன் என்னும் பழைய ஆறு. 1868இல் நிலையம் கட்டியபோது அந்த ஆற்றுக்குச் செய்துகொடுத்த வழி அது. 1940 நவம்பரில் விழுந்த குண்டு நிலையத்தைச் சிதைத்தது, குழாய் தப்பியது.

சென்ற ஆண்டு மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, இரண்டு ரயில்களைத் தவறவிட்டு அதனடியில் நின்றிருந்தேன். நினைவெல்லாம் அப்பாவைப் பற்றியதாக இருந்தது.

அப்பா சென்னையில் குடிநீர்க் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடும் பணியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர். 1914இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் நீர் நிலையத்தின் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் அவர் நாளிலும் உழைத்துக்கொண்டிருந்தன. இணைப்புகளில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க நள்ளிரவில் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். சாலைக்கடியில் எது எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், எங்கள் பகுதியில் நிலத்தடி ரயில் நிலையம் கட்ட வந்தார்கள். சுரங்கத்தை இயந்திரம் குடைந்துவிடும். நிலையத்துக்கோ மேலிருந்து குழி தோண்டவேண்டும். குழிக்குள் அகப்படும் குழாய்களை முதலில் இடம் மாற்றவேண்டும். சாக்கடை சரிவை நம்பி ஓடுவது, நினைத்தபடி வளைக்கமுடியாது. குடிநீர் அழுத்தத்தால் ஓடுவது, சுற்றுவழியில் கொண்டுபோகலாம். புதுக்குழாயைப் பதித்துச் சோதித்தபின், ஓர் இரவு நீரை நிறுத்தி இரு முனைகளிலும் இணைத்துவிடுவார்கள்.

பழைய வரைபடங்களில் ஐயம் இருந்ததால் இளம் பொறியாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். "ஐயா, நீங்க வந்து காட்டினா போதும்" என்றார். அப்பா அன்று சலவைச் சட்டை அணிந்துகொண்டார். சாலையோரம் நடந்து, கைத்தடியால் ஓரிடத்தைத் தொட்டார். அங்கே குழாய் இல்லை. நான்கடி தள்ளி, பொக்லைனின் பல் அதைக் கிழித்தது.

இடையில் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். அவர் அடையாளமாகக் கொண்டிருந்த தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி, வேறோர் இடத்தில் அதே மரத்தை நட்டு வளர்த்திருந்தார்கள். அது அவர் குற்றமன்று என்று பொறியாளர் பலமுறை சொன்னார். மூன்று நாள் தெருவில் தண்ணீர் இல்லை. லாரி வரும்போதெல்லாம் அப்பா வாசலில் நின்று, முதியவர்களின் குடங்களை வாங்கி நிரப்பிக்கொடுத்தார். வீட்டுக்கு ஒரு குடம்கூட எடுத்துவரவில்லை. அம்மா கேட்டபோது, "நாம கடைசியா பிடிச்சுக்கலாம்" என்றார். அதன்பின் அவரிடம் யாரும் வழி கேட்டு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்று அந்த நிலையத்தின் வழியாகத்தான் நான் பயணம் செய்கிறேன். சுற்றுவழியில் போகும் குழாய் எந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஸ்லோன் ஸ்கொயரில் அது கண்ணெதிரே இருந்தது; ஆனால் எட்டாத உயரத்தில். அப்பா இருந்திருந்தால், யாரிடமாவது ஏணி கேட்டிருப்பார்.