தண்ணீர் நிற்கும் இடம்

அம்மாவின் முழங்காலுக்காகத்தான் தரையை மாற்றத் தீர்மானித்தேன். திருச்சியில் நாங்கள் இருவரும் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் முப்பது ஆண்டு பழைய மொசைக் தரை. துடைத்த ஈரம் காயும்வரை வழுக்கும். மார்கழியில் கால் வைத்தால் குளிர் முழங்கால்வரை ஏறுகிறது என்பாள் அம்மா. டைல்ஸ் என்றால் உடைப்பு, புழுதி, பத்து நாள் வேறு வீடு. கடையில் வினைல் பலகைகளைக் காட்டினார்கள். 5 மில்லிமீட்டர் கனம், 4 அடி நீளம், மேலே தேக்கு மரத்தின் ரேகை. ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி. பசை தேவையில்லை, ஒன்றோடொன்று கோத்து மொசைக்கின் மேலேயே விரித்துவிடலாம்.

கூடமும் இரண்டு அறைகளும் சேர்த்து 520 சதுர அடி. பொருளும் கூலியுமாகச் சதுர அடிக்கு 140 ரூபாய். 72,800 ரூபாய்க்கு ரசீது எழுதி, 50,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். "பிரீமியம் குவாலிட்டி மேடம். இருபது வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். பிறகு, "சார் வீட்ல எப்ப இருப்பாங்க? அளவெடுக்க ஆள் அனுப்பறேன்" என்றார்.

சார் யாரும் இல்லை, வீடு என் பெயரில் இருக்கிறது, கடைசித் தவணையைப் போன ஆண்டுதான் கட்டி முடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று பேர் வந்தார்கள். பலகை பதிக்கிற தம்பி, அவருக்கு ஒரு கையாள், கூட நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. லிஃப்ட் இல்லாத இரண்டு மாடி. பெட்டி ஒன்று பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பெரும்பாலான பெட்டிகளைச் சுமந்து ஏற்றியவர் அக்காதான். பழைய தரையைக் கழுவித் துடைத்ததும் அவர்தான். தம்பி சுவரோரமாக நூல் பிடித்து முதல் வரிசையைப் போட்டார். முதல் நாள் இரண்டு அறைகள், மறுநாள் மாலைக்குள் கூடம். அவ்வளவு வேகம்.

அவர்கள் போன பிறகு செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன். பால்கனிக் கதவருகே கால் வைத்தால் பலகை மெல்லத் தாழ்ந்தது. எடுத்தால் 'களுக்' என்று எழுந்தது. ஒரு வரிசையின் மூட்டும் அடுத்த வரிசையின் மூட்டும் தள்ளித் தள்ளி வராமல், ஓரிடத்தில் ஏணிப்படி போல அருகருகே இருந்தன. சமையலறை வாசலில் வெட்டிய விளிம்பு எலி கடித்தது போலிருந்தது. அதன்மேல் பசையைத் தடவி மறைத்திருந்தார்கள். யாப்புப் பாடம் நடத்துகிறவளுக்கு அதைப் பார்த்ததும் தளை தட்டுகிறது என்றுதான் தோன்றியது. மாணவி எழுதிய வெண்பாவில் தளை தட்டினால் எந்தச் சீரில் என்று சுட்டிக்காட்ட எனக்குத் தெரியும். தரையில் தட்டினால் என்ன சொல்வது?

குப்பைக்குப் போகவிருந்த பெட்டி ஒன்றினுள் மடித்த தாள் இருந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம். இரவு அதை ஆய்வேட்டைத் திருத்துவது போல உட்கார்ந்து படித்தேன். அடித்தரை 3 மீட்டர் நீளத்துக்குள் 5 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளமாக இருக்கக் கூடாது. இருந்தால் சமன்படுத்தும் கலவை ஊற்றி உலரவிட வேண்டும். வரிசைக்கு வரிசை மூட்டுகள் குறைந்தது 8 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். வெயிலில் பலகை விரியும் என்பதால் சுவரோரம் 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை மேலே ஒரு பட்டை வைத்து மூட வேண்டும். பள்ளத்தின் மேல் கிடக்கும் பலகை மிதிபட்டு மிதிபட்டு நாக்கு உடையும். அப்புறம் அந்த மூட்டு வாய் பிளக்கும். எனக்கு 'ஏதோ சரியில்லை' என்று பட்டதற்கெல்லாம் அந்தத் தாளில் அளவு இருந்தது.

மறுநாள் காலை தம்பியிடம் காட்டினேன்.

"மேல சோஃபா போட்டுட்டா தெரியாது மேடம்."

"அங்க சோஃபா வராதுப்பா."

"யாரு மேடம் குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தாப் பேசச் சொல்லுங்க மேடம், டெக்னிக்கலா விளக்கிடறேன்" என்றார். அண்ணனுக்குப் போன் செய்தது என் தவறு. "விடு. நல்லாத்தானே இருக்கு. வேலைக்காரங்களோட எதுக்கு மல்லுக்கட்டற? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றான்.

இந்த 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. எங்கள் வீட்டில் அப்பா இருந்தவரை அம்மாவின் வேலை நாளுக்கு மூன்று முறை தரப் பரிசோதனைக்கு உட்பட்டது. ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு நகரும். சட்டைக் காலரில் மடிப்பு விழுந்தால் சட்டை திரும்பி வரும். வாசல் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் தெருவே சொல்லும். அந்தப் பரிசோதனை செய்தவர்களை யாரும் நச்சரிப்பவர்கள் என்று சொன்னதில்லை; ருசி தெரிந்தவர்கள், ஒழுங்கு தெரிந்தவர்கள் என்றார்கள். பெண் செய்யும் வேலைக்குத் தரம் உண்டு. பெண் காசு கொடுத்து வாங்கும் வேலைக்குத் தரம் கேட்டால்தான் அது குணக்கேடாகிவிடுகிறது. என் வாய்மொழித் தேர்வில் ஒரு சந்திப் பிழைக்காக அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அன்று என்னை யாரும் அட்ஜஸ்ட் செய்துகொள்ளவில்லை.

கோபம் தலைக்கேறி, "பாக்கி 22,800 ரூபாயில் ஒரு பைசா தர மாட்டேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்:

"மேடம், எங்களுக்குக் கடையில சதுர அடிக்கு 15 ரூபா. பள்ளத்துக்குக் கலவை ஊத்தினா ஒரு நாள் காய விடணும். அந்த நாளுக்குக் கூலி கிடையாது. கலவை மூட்டைக்கும் கடையில காசு தர மாட்டாங்க. கேட்டா, அப்படியே போட்டுட்டு வான்னு சொல்லுவாங்க."

கணக்குப் போட்டேன். 520 சதுர அடிக்கு 7,800 ரூபாய். மூன்று பேர், இரண்டு நாள், பஸ் செலவு, ரம்பத் தகடு எல்லாம் அதற்குள். நான் கொடுக்கும் 140 ரூபாயில் 'பிரீமியம்' என்பது பலகைக்கு மட்டும்தான், வேலைக்கு இல்லை. அவர் வேகமாக முடித்தது அலட்சியத்தால் என்று நினைத்திருந்தேன். வேகமாக முடித்தால்தான் அவருக்குக் கட்டும். குறையைத் தீர்மானித்தவர் கடையில் நாற்காலியில் இருக்கிறார். நானோ தரையில் முட்டி போட்டிருப்பவரிடம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்போது, சிதறிக் கிடந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "டீச்சரம்மா, அந்த இடத்துல பள்ளம் இருக்கு. முந்தாநாள் கழுவறப்பவே பாத்தேன். தண்ணி அங்கதான் போயி நின்னுச்சு. அவங்ககிட்டச் சொன்னேன்."

தம்பி மறுக்கவில்லை. "சொன்னாங்க" என்றார்.

அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அங்க எப்பவுமே தண்ணி நிக்குமே. துணியை மொதல்ல அங்கதான் போடுவேன்."

"ஏம்மா, இதை நீ சொல்லவே இல்லையே?"

"யாரு கேட்டீங்க?"

அந்தக் கேள்வியில் நானும் இருந்தேன். நான்கு கடை ஏறி இறங்கினேன். விலை ஒப்பிட்டேன். நிறத்துக்காக ஒரு வாரம் யோசித்தேன். பதினெட்டு ஆண்டுகளாக அந்தத் தரையைக் குனிந்து துடைத்தவளிடம் தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்' என்று தம்பி கேட்டதற்குப் பதில் அந்த வீட்டிலேயே இருந்தது. தினமும் குனிகிறவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்தது எங்கும் பதிவாவதில்லை.

நெடுநல்வாடையில் அரண்மனையை வகுக்கும் பகுதியை ஆண்டுதோறும் நடத்துகிறேன். நூல் அறிந்தவர்கள் நண்பகல் நிழலைக் கொண்டு திசை குறித்து, கயிறு பிடித்து, அளந்து மனையை வகுப்பார்கள். அந்த மனைக்குள் அரசி பிரிவால் வாடிக் கிடப்பாள். வீட்டைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை. அந்தத் தரையைத் துடைத்தவள் பாட்டுக்குள்ளேயே வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் இது வகுப்பில் எனக்குத் தோன்றியதில்லை.

அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது ஆண்டு கட்டட வேலை. சித்தாளாகச் சாந்துச் சட்டி தூக்கியிருக்கிறார், டைல்ஸ் வேலைக்குக் கலவை குழைத்திருக்கிறார், இடுக்குகளுக்குச் சிமெண்ட் பூசித் துடைத்திருக்கிறார். ரசமட்டத்தைப் பார்த்தே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். நாள் கூலி 500 ரூபாய். "நீங்களே பதிக்கலாமே அக்கா?" என்று கேட்டேன். "கரணைய எங்க கையில யாரு குடுப்பா?" என்று சிரித்தார். சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது அது. ஆனால் கட்டடத்தில் வேலையே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: கரணை அவருக்கு, சட்டி இவருக்கு. 'ஒரே வேலை' என்ற நிலை பெரும்பாலும் வருவதே இல்லை. அதனால் சட்டத்துக்கு அங்கே வேலையும் இல்லை.

தம்பியிடம் பால்கனியோரம் நான்கு வரிசைகளைக் கழற்றித் தரும்படி கேட்டேன். நாக்கு உடையாமல் கழற்றினார், நல்ல கை. அவருடைய ஆறடி அலுமினியக் கட்டையை மொசைக்கின் மேல் வைத்து, அடியில் என் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தோம். 9 மில்லிமீட்டர். படம் எடுத்தேன். பெட்டித் தாளையும் படம் எடுத்தேன். இரண்டையும் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

இந்த முறை என் குரல் உயரவில்லை. உயர வேண்டிய தேவை இல்லை. அளவைச் சொன்னேன், தாளில் இருக்கும் அளவைச் சொன்னேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர் என்றேன். அதைத் தீர்க்கக் கலவையும் கூடுதல் நாள் கூலியும் கடையின் பொறுப்பு என்றேன். கலவைக்குச் சம்மதித்தார். கூலி என்றதும், "அது எங்களுக்கும் அவங்களுக்கும் உள்ளது மேடம்" என்றார். சரி, பாக்கித் தொகையிலிருந்து மூன்று பேரின் கூடுதல் நாள் கூலியை நானே அவர்கள் கையில் கொடுத்து, ரசீதில் கழித்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். நிறையக் கோபப்பட்டார். முடிவில், "உங்ககிட்டப் பேச முடியாது மேடம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாட்கள் கூடின. முதலில் அக்கா ஒரு குவளைத் தண்ணீரை அங்கங்கே ஊற்றிக் காட்டினார். தண்ணீர் ஓடி நின்ற இடங்களைத் தம்பி சாக்பீஸால் வட்டமிட்டார். பால்கனியருகே ஒன்று, எனக்குத் தெரியாமல் படுக்கையறை வாசலில் இன்னொன்று. கலவை ஊற்றி, உலரவிட்டு, கட்டை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கோத்தார்கள். சுவரோர இடைவெளி வந்தது. ஏணிப்படி மூட்டுகள் போயின. சமையலறை வாசலில் மட்டும் மாற்றுவதற்கு உபரிப் பலகை இல்லை. எலி கடித்த விளிம்பு இன்னும் இருக்கிறது. மேலே ஒரு பட்டை அடித்திருக்கிறார். எல்லாவற்றையும் வென்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அக்காவின் கையில் கரணை வரவில்லை. தண்ணீர்க் குவளைதான் வந்தது. கடைக்காரர் அடுத்த வேலைக்கு அந்தத் தம்பியைக் கூப்பிட்டாரா என்ற கவலையும் எனக்கு இருந்தது. ஒரு மாதம் கழித்து விசாரித்தேன். கூப்பிட்டிருக்கிறார்.

'மட்டம்' என்ற சொல் நம்மிடம் இரண்டு வேலை செய்கிறது. கொத்தனார் கையில் அது சரியான அளவு. மட்டம் தட்டுவது என்றால் ஒருவரைத் தாழ்த்துவது. தரம் கேட்கப்போன முதல் நாள் நான் செய்தது இரண்டாவதைத்தான். அளவு கையில் இல்லாதபோது ஆளைத்தான் அடிக்கத் தோன்றுகிறது. அளவு கிடைத்த பிறகு, குறையைக் குறையாகவும் மனிதரை மனிதராகவும் பார்க்க முடிந்தது. என் மாணவிகளிடம் இப்போது இதைச் சொல்கிறேன்: காசு கொடுத்து வாங்கும் எதற்கும் தரம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கேட்கும் முன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். குறை யார் தீர்மானத்தால் வந்தது என்றும் விசாரியுங்கள்.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து தரையைப் பார்த்தார். அவர் வீட்டிலும் போடப் போகிறாராம். தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். "போடறதுக்கு முன்னாடி, வீட்டுல தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்துக்குங்க" என்றேன்.

"அதெல்லாம் அவங்க லெவல் வச்சுப் பாத்துக்குவாங்க" என்றார்.

அவருக்குப் பின்னால் படியில் நின்றிருந்த அவர் மனைவி சொன்னார்: "பூஜை ரூம் வாசல்ல நிக்கும். அப்புறம் ஃப்ரிட்ஜுக்குக் கீழ."