பந்தலூர் மலையில் தேடிய பொன்



திருகோணமலைத் துறைமுகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நகரை ஒட்டியிருக்கும் அன்புவழிபுரத்தை வெளியூரார் அவ்வளவாக அறியமாட்டார்கள். அங்கே எனக்கொரு நண்பர் இருக்கிறார். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்தில் உழைத்தவர்கள். அவருடைய அக்கா, 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜையாகி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். தம்பி இங்கே, அக்கா அங்கே. அந்தக் காலத்தில் இப்படிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ!

2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் முதன்முறையாக 4,000 டொலரைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த நாட்களில்தான் நண்பரின் வீட்டுக்கு ஒருவர் வந்தார். பழைய தங்கச் சுரங்கப் பகுதியொன்றில் மீண்டும் தேடுகிறார்களாம். இப்போதே பங்கு வாங்கினால் பத்து மடங்காகுமாம். வழுவழுப்பான தாளில் படங்களெல்லாம் காட்டினாராம். மகளின் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த எட்டுப் பவுணை விற்றுப் போட்டுவிடலாமா என்று நண்பருக்கு யோசனை. முன்பணமாகச் சிறு தொகையும் கொடுத்துவிட்டிருந்தார்.

நான் ஊட்டிப் பக்கம் போகவிருப்பதை அறிந்து, "நானா, எங்கட அக்கா இருக்கிற பந்தலூரும் ஒரு காலத்தில தங்கம் எடுத்த இடம்தானாம். பாத்து வந்து சொல்லுங்க. பிறகு முடிவெடுக்கிறன்" என்றார். அக்காவுக்கென ஒரு பொதியும் தந்தனுப்பினார்.

பந்தலூருக்கு நீங்களும் ஒருமுறை போய்வரலாம். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், கேரள எல்லையோரம் இருக்கிறது. கூடலூரிலிருந்து பஸ் ஏறினால் நாடுகாணி, தேவாலா, பிறகு பந்தலூர். தமிழ்நாட்டில் மழை மிகுதியாகக் கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. இருபுறமும் பச்சைப் போர்வை விரித்தாற்போல் தேயிலை. அதன் நடுவே, புதர் மூடிய பழைய சுரங்க வாய்கள்.

இவை வந்த கதையைக் கேளுங்கள். இப்பகுதி அன்று வயநாட்டின் ஒரு பாகம். ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் எடுப்பது இங்கே வெள்ளையர் வருகைக்கு முன்பிருந்தே நடந்த தொழில். வெள்ளையரோ காப்பி பயிரிட வந்தார்கள். 1869இல் நம் இலங்கையில் காப்பி இலைகளைத் தாக்கிய துருநோய் தென்னிந்தியாவுக்கும் பரவியது. தோட்டங்கள் நொடித்தன. கைமுதலை இழந்த துரைமாருக்குக் காலடியிலிருந்த வெண்கல் பாறைகள் கண்ணில் பட்டன. அவற்றில் தங்கம் இருந்தது!

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராயிருந்த புரோ ஸ்மைத் என்பவரை அரசு அழைத்து ஆராயச் சொன்னது. 1880இல் அவர் தந்த அறிக்கை நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. அவ்வளவுதான், இலண்டனில் பங்கு வாங்க அடிபிடி. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தென்னிந்தியத் தங்கத்துக்கென 40க்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவை அறிவித்த மூலதனம் ஏறக்குறைய 50 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண். அதில் பெரும்பகுதி இந்த மலைக்காகவே திரட்டப்பட்டது. பெரிய நகரமாகப் போகிறது என்று பந்தலூரில் கட்டடங்கள் எழும்பின.

பணம் எங்கே போனது? காய்ந்துபோன காப்பித் தோட்டங்களைக் கொள்ளை விலைக்கு வாங்குவதில் போனது. விற்றவரும் தரகரும் முதலில் பணம் பார்த்தார்கள். கல்லை உடைக்கும் இயந்திரங்கள் கடல் தாண்டி வந்து மலையேறின. பொறுக்கியெடுத்த மாதிரிக் கற்களில் மின்னிய தங்கம், தொன் கணக்கில் கல்லை அரைத்தபோது செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சகோதரிகளே, உங்கள் நகைக் கணக்கிலேயே இதைச் சொல்கிறேன். ஒரு தொன் கல்லில் இரண்டு கிராம் தங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பவுண் எட்டுக் கிராம். ஒரு பவுணுக்கு நான்கு தொன் கல்லைத் தோண்டி, சுமந்து, மாவாக அரைத்து, பிரித்தெடுக்க வேண்டும். நண்பரின் எட்டுப் பவுணுக்கு 32 தொன்! கல்லில் தங்கம் இருப்பது ஒன்று. அதனால் இலாபம் வருவது வேறொன்று.

"கோலாரைப் பாருங்கள்" என்பீர்கள். அந்த ஆளும் அதைத்தான் சொன்னாராம். உண்மை, அதே 1880இல் தொடங்கிய மைசூர் கம்பெனி, கைப்பணம் தீரும் தறுவாயில் வளமான பொன்னடுக்கைக் கண்டது. வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் மூன்று கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி அதை வெட்டினார்கள். ஆனால் கோலாரின் பெயரைச் சொல்பவர்கள் அதோடு பிறந்து மறைந்த கம்பெனிகளின் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் கோலாரும் 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டது. கழிவு மண் மேடுகளும், வேலையிழந்த குடும்பங்களும் மிஞ்சின.

நண்பரின் அக்காவைக் கண்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். தம்பியின் பொதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்கு தம்பி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். இன்னமும் ராத்திரியில திருட்டுத்தனமா குழிக்குள்ள எறங்குறானுங்க. மண்ணு சரிஞ்சு செத்தவனும் உண்டு. நான் இங்க வந்து இத்தனை வருசத்துல, அந்தக் குழியால மாடி வீடு கட்டின ஒருத்தனையும் காணல. எங்களுக்குச் சோறு போட்டது கொழுந்துதான்."

எண்ணிப் பாருங்கள்! இலங்கையில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தத் தேயிலைக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள், பொன் தேடித் தோற்ற மலையில் மீண்டும் தேயிலை பறித்து வாழ்ந்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பி நண்பரிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்தால் நீங்களும் கேளுங்கள். ஒன்று: இது தங்கம் எடுக்கும் சுரங்கமா, தேடும் இடம் மட்டும்தானா? தேடப்படும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை சுரங்கமாவதேயில்லை. இரண்டு: என் பணம் துளையிடும் வேலைக்குப் போகிறதா, நிலம் விற்பவருக்கும் தரகருக்கும் போகிறதா? மூன்று: அத்தனையும் போனாலும் என் குடும்பம் தலைநிமிர்ந்து நிற்குமா?

முதலிரண்டுக்கு அந்த ஆளிடம் பதில் இருக்கவில்லை. மூன்றாவதற்கு நண்பரிடம் இருக்கவில்லை. கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. திரும்புமென்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை. எட்டுப் பவுண் மட்டும் பெட்டியிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அக்கா கொடுத்தனுப்பிய பந்தலூர்த் தேயிலையை அன்று விருந்தினருக்கு ஊற்றப் போகிறார்களாம். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது.