விளையாட்டும் ஒரு பாடசாலை

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீட்டுக் குழந்தைகள், "அதிசயத்துக்கு எப்பொழுது?" என்று துளைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காரியாபட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் பரவைக்குச் சென்றால் அந்தக் கேளிக்கைப் பூங்கா. "காசுக்குப் பிடித்த கேடு" என்று முணுமுணுக்கும் பெரியவர்களும் வீட்டில் உண்டு.

நாம் அவ்வாறு எண்ணவில்லை. சறுக்குமரத்தில் தண்ணீர் ஏன் ஓடுகிறது? உராய்வைக் குறைப்பதற்கு. ஊஞ்சல் கீழிறங்கும்போது உடம்பு ஏன் லேசாகிறது? பள்ளியில் நெட்டுருப் போட்ட விதி அங்கே பிரத்தியட்சமாகிறது. 1893-ல் சிக்காகோ கண்காட்சியில் பெர்ரிஸ் என்ற என்ஜினீயர் 264 அடி உயர ராட்டினத்தை நிறுத்திய கதையையும், வரிசையில் காத்திருக்கும்போதே சொல்லிவிடலாம். பொறுமையும் அந்த வரிசையிலேதான் படிகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. தீப்பெட்டி ஒட்டியே பிள்ளைப் பருவத்தைத் தொலைத்தவர்கள் நம் விருதுநகர் ஜில்லாவில் அநேகர். குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்று கூறும் 1989-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. சிவகாசிச் சிறுவர் தொழிலாளர் வழக்கில், வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டுமென 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய மண்ணில் ஒரு குழந்தை கவலையின்றிச் சிரிப்பது வீண் செலவாகுமா?

ஆகையால், பெற்றோர்களே, குழந்தைகளை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், உடன் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். இயன்றால் அண்டை வீட்டு ஏழைக் குழந்தை ஒன்றையும் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் தேசத் தொண்டே.