உள்தூக்குக் கூலி

ஊரே சுவரில் மாட்டுகிற டி.வி. வாங்கிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் சேர்ந்து தூக்குகிற டி.வி.யைத் தேடி நான் அலைந்த கதை இது. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

வீட்டில் 43 இஞ்ச் எல்.இ.டி. டி.வி. இருக்கிறது. தவணை இன்னும் நாலு பாக்கி. ஆனால், அப்பாவுக்குத் திருப்தியில்லை. “என்னடா இது, சிவாஜியை யாரோ மேல உக்காந்து அமுக்கின மாதிரி இருக்கு!” என்பார்.

புகாரில் நியாயம் உண்டு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ வந்ததே 1973-ல்தான். அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும், ஏறக்குறைய நாலுக்கு மூணு கணக்கில் எடுத்தவை. அவற்றைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் இழுத்துக் கட்டினால், யாராக இருந்தாலும் ஒரு சுற்று பெருக்கத்தான் செய்வார்கள்.

“பழைய 29 இஞ்ச் டப்பா டி.வி. ஒண்ணு கிடைக்குமா பாரேன்” என்றார். மாசக் கடைசி. என் பட்ஜெட் 3,000 ரூபாய்.

ரிச்சி தெருவில் விசாரித்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏன் சார், ஷூட்டிங்குக்கா?” என்றார்.

கடைசியில் எங்கள் பேட்டை மெக்கானிக்கிடமே ஒன்று தூசி மூடிக் கிடந்தது. விலை 1,500. ஸ்விட்ச் போட்டதும் ‘தும்’ என்றது. நான் ரெண்டடி பின்வாங்கினேன்.

“பயப்படாதீங்க சார். டீகாஸ் காயில். ட்யூப்ல ஏறின காந்தத்தை எடுத்துவிடும். இல்லேன்னா மூலையில ஊதாத் திட்டு விழும். பின்மூடியை மட்டும் கழட்டிடாதீங்க. ஆஃப் பண்ணினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.”

எடை ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் கம்மி. லோடு ஆட்டோ 500. ரெண்டாவது மாடிக்கு ஏற்ற நாலு பேருக்கு 1,200. பி.காம். படித்தபோது, உள்தூக்குக் கூலி கொள்முதல் விலையையே முந்தும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. பட்ஜெட்டில் 200 ரூபாய் துண்டு!

மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை செட்-டாப் பாக்ஸில் சொருகினேன். சிவாஜி பழைய உயரத்துக்கு வந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் என் மனைவி எல்.இ.டி. ரிமோட்டைக் கையிலெடுத்தாள். “மாமா, இதுலயே 4:3-ன்னு மாத்திக்கலாமே!”

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்பாவோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தெரியும்மா” என்றார்.

“தெரியுமா? அப்புறம் ஏம்ப்பா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?”

பதில் இல்லை. சமையலறைக்குப் போனால், அம்மா மெதுவாகச் சொன்னாள். 2005-ல் போனஸையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, 29 இஞ்ச் வாங்க அப்பா கடை வாசல் வரை போனாராம். அந்த வாரம்தான் எனக்கு காலேஜில் சீட் கிடைத்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டாராம். பணம் ஃபீஸ் கவுண்ட்டருக்குப் போனது. வீட்டில் 14 இஞ்ச்சே தொடர்ந்தது. “நம்ம வீட்டு டி.வி. தபால்தலை சைஸ்ல இருக்கு” என்று நண்பர்களிடம் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன், நான்.

குறைந்துசெல் மதிப்பு முறையில் எத்தனை வருஷம் தேய்மானம் எழுதினாலும், ஒரு சொத்தின் மதிப்பு பூஜ்யத்துக்கு வராது. அக்கவுண்டன்சியில் படித்த பாடம். அதற்கு ஃபீஸ் கட்டியது எந்த டி.வி. என்பதுதான் இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது.