பாஸைப் பிடிப்பது எப்படி?

டெக்ஸாஸில் குப்பை கொட்டும் எனக்கு இரண்டு பாஸ். ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரை. கண்ணாடி ரூமுக்குள் இருப்பார். இன்னொருவர் சனிக்கிழமை மட்டும். தண்ணீருக்குள் இருப்பார். இரண்டாமவரின் முழுப்பெயர் லார்ஜ்மவுத் பாஸ். அதாவது, பெரிய வாய் பாஸ்! (முதலாமவருக்கும் இந்தப் பெயர் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விசாவுக்கு ஆபத்து!)

மீன்தானே என்று லேசாக நினைக்காதீர்கள். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். பத்துக் கிலோ சார்! 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அந்த ரெக்கார்டைச் சமன் செய்தார்.

பத்துக் கிலோ என்றதும் உலக்கை மாதிரி ஒரு ராடு வாங்கத் தோன்றுமே? வேண்டாம். இந்த மீன் இரையைக் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பிடிக்காவிட்டால் 'த்தூ' என்று துப்பிவிடும். அந்த ரெண்டு நொடிக்குள் உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். தகவல் வரும் வழி நரம்பு, ராடு, விரல். ராடு கனமாக இருந்தால் நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரிதான். நடுவில் எங்கேயோ தங்கிவிடும்.

நான் வைத்திருப்பது ஆறரை அடி கிராஃபைட் ராடு. மீடியம் லைட் பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன். பவர் என்றால் வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்ஷன் என்றால் எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், முதுகு நிமிர்ந்தே இருக்கும். முள்ளை அழுத்திக் குத்த அந்த முதுகு தேவை. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ஜாதகம் போட்டிருக்கும்: எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் இரை. பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்யாதீர்கள். கடையிலேயே ரீலை மாட்டி, அதன் பக்கத்தில் ஒற்றை விரலால் தாங்கிப் பாருங்கள். நுனி தொபுக்கென்று சாய்ந்தால், சாயங்காலம் உங்கள் மணிக்கட்டும் அப்படித்தான் சாயும். அஞ்சு நாள் கீபோர்டு தட்டிய கை அது, பாவம்.

அடுத்து இரை. 1949-ல் ஒஹையோ மாநிலம் ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக்கில் மண்புழு வார்க்க ஆரம்பித்தார். இன்று கடையில் சுவர் முழுக்க ரப்பர் மாதிரி புழுக்கள்தான். மயங்காதீர்கள். மூன்று போதும். பாசி மண்டிய இடமா? முள்முனையைப் புழுவுக்குள்ளேயே புதைக்கும் டெக்ஸாஸ் ரிக். பாசியில் சிக்காது. படகுத் துறை நிழலா? புழுவின் நடு வயிற்றில் முள் குத்தும் வாக்கி ரிக். இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே இறங்கும். மீன் மந்தமாக இருக்கிறதா? விரல் நீளத் துண்டை 1/16 அவுன்ஸ் காளான் தலை முள்ளில் மாட்டும் நெட் ரிக். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, பழுப்பு. கலங்கலுக்குக் கறுப்பு. அவ்வளவுதான் சாஸ்திரம்!

ஒரு விஷயம். லேசாக வாங்கச் சொன்னேனே தவிர, அல்ட்ரா லைட் என்று நூலிழைக்குப் போய்விடாதீர்கள். லேக் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸைத் திரும்ப விட்டே ஆக வேண்டும், சட்டம். ஓர் ஆகஸ்ட் மாதம், பக்கத்துப் படகுக்காரர் நூல் மாதிரி நரம்பில் பெரிய மீன் ஒன்றைப் பிடித்தார். அறுந்துவிடுமே என்று விளையாட்டு காட்டினார், காட்டினார், காட்டிக்கொண்டே இருந்தார். கரையில் கைத்தட்டல். பிறகு முறைப்படி தண்ணீரில் விட்டார். கொஞ்ச தூரம் நீந்தியது. அப்புறம் வெள்ளை வயிறு மேலே வந்தது. வெந்நீராகிவிட்ட ஏரியில் ஆக்சிஜன் குறைவு. களைத்த மீன் எப்படி மீளும்? அந்த மனுஷன் ராடைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அன்று தயிர்சாதம் இறங்கவில்லை.

அதனால்தான் மீடியம் லைட், 8 பவுண்டு நரம்பு. சீக்கிரம் கரைக்கு வரும், சீக்கிரம் வீட்டுக்குப் போகும். கிழிந்த பிளாஸ்டிக் புழு மட்டும் என் பாக்கெட்டில் வரும். ஏரியில் போட்டால் அதையும் எதுவோ விழுங்கி வைக்கும்.

அப்பா குடமுருட்டியில் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாகக் குழம்புக்கு மீன் பிடித்தவர். போனில் ராடு விலையைக் கேட்டுவிட்டு, "ஏண்டா, பிடிச்ச மீனை விடறதுக்கா இத்தனை டாலர்?" என்றார். போன வாரம் நாலு பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்து விட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"பொழச்சுதா?" என்றார்.

"வாலால தண்ணிய என் மூஞ்சில அடிச்சுட்டுப் போச்சுப்பா."

"அப்பச் சரி" என்றார்.