பாஸ்க் நாட்டில் பசியாற

ஊர் காணப் புறப்படுவோர் முதலில் கோயிலையும் கோட்டையையும் பற்றி விசாரிப்பர். உணவைப் பற்றிய எண்ணம் பசி எடுத்த பின்னரே தோன்றும். ஆயினும், உண்பதற்கென்றே பல திக்குகளிலிருந்தும் மக்கள் சென்று கூடும் நாடு ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. அதுவே பாஸ்க் நாடு. சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் அங்கே தங்கியிருந்தோம். எங்கள் குழுவினர் நால்வர். இருவர் மீனும் இறைச்சியும் உண்போர். மற்ற இருவர் பிறந்தது முதல் மரக்கறி உணவினர். அவர்களுள் ஒருவர் எழுபது வயதைக் கடந்த தாயார். ஆகவே, 'எங்கே உண்பது?' என்ற கேள்வியை நாள்தோறும் மூன்று வேளையும் நாங்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. விடுமுறையில் அத்திசை செல்ல எண்ணும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு உதவுமென்று கருதி, நாங்கள் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பிரெனே மலைத்தொடரின் மேற்குக் கோடியில், பிஸ்கே விரிகுடாவை அணைந்து கிடக்கிறது இந்நாடு. மாநிலங்கள் ஏழு, நான்கு ஸ்பெயினிலும் மூன்று பிரான்ஸிலும் அடங்கியவை. மலையில் ஆடுகள், பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்கள், கரையில் மீன்பிடி துறைகள் என்று எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அமைந்துவிடுகின்றன. மக்கள் பேசும் எயுஸ்காரா மொழி உலகில் அறியப்பட்ட வேறு எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. எனினும் அதன் சொல்லமைப்பு நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. 'எட்சே' என்றால் வீடு. 'எட்சேயான்' என்றால் வீட்டில். 'எட்சேதிக்' என்றால் வீட்டிலிருந்து. வேற்றுமை உருபைச் சொல்லின் பின்னே சேர்த்துப் பேசும் நமக்கு இது எளிதில் விளங்குகிறது.

அந்நாட்டில் நன்றாக உண்ண விரும்புவோர் ஒன்றை முதலில் உணர வேண்டும். அங்கே ஒவ்வோர் உணவுக்கும் உரிய இடமும், நாளும், பருவமும் உண்டு. அவற்றை அறியாமல் புகழ்பெற்ற விடுதியொன்றில் கண்ட நேரத்தில் நுழைந்து எல்லாவற்றையும் கேட்பவன், நிறையச் செலவழித்துச் சுமாராக உண்டு திரும்புவான். முறையறிந்து செல்பவனோ சிறிய செலவில் நிறைவடைவான்.

நின்றபடி உண்ணும் வீதிகள்

தொனோஸ்தியா நகரத்தை ஸ்பானியர் சான் செபாஸ்தியான் என்பர். அதன் பழைய நகர்ப்பகுதியில் 'ஆகஸ்டு 31' என்னும் பெயருடைய தெரு ஒன்று இருக்கிறது. 1813-ஆம் ஆண்டு அந்நாளில், பிரெஞ்சுக்காரரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள் ஊரைக் கொள்ளையிட்டபோது மூண்ட தீயில் ஏறக்குறைய எல்லாம் எரிந்தன. எஞ்சி நின்ற தெரு இதுவே. இன்று இத்தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் வாயிலுக்கு வாயில் சிற்றுண்டிக் கடைகள்.

இங்கே உண்ணும் சிற்றுண்டிக்குப் பின்ச்சோ என்று பெயர். ரொட்டித் துண்டின் மேல் ஏதேனும் ஒன்றை வைத்துக் குச்சியால் குத்தி நிறுத்துவதால் இப்பெயர் வந்தது. மேடைமேல் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. சுடச்சுடச் செய்து தருபவை சுவரிலுள்ள கரும்பலகையிலேதான் எழுதப்பட்டிருக்கும். ஒரு கடையில் அக்கடைக்குப் பேர்போன ஒன்றை மட்டும் நின்றபடி உண்டுவிட்டு, அடுத்த கடைக்கு நடந்துவிடுவதே உள்ளூர் வழக்கம். 'கன்பாரா'வில் காளான், 'நெஸ்தோர்' கடையில் தக்காளியும் வறுத்த பச்சை மிளகாயும், 'லா வீன்யா'வில் மேற்புறம் கருக வேகவைத்த பாலாடைக்கட்டிப் பணியாரம். நெஸ்தோர் கடையில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அடை பகலுக்கு ஒன்றும் மாலைக்கு ஒன்றுமாகத்தான் சுடுவார்கள். அதில் ஒரு துண்டு வேண்டுவோர் முன்னதாகச் சென்று பெயர் சொல்லி வைக்க வேண்டும்.

ஆலிவ் காய், உப்பிட்ட நெத்திலி, ஊறுகாய் மிளகாய் மூன்றையும் ஒரே குச்சியில் கோத்ததற்கு 'கில்தா' என்று பெயர். 1946-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தின் பெயர் அது. மது அருந்தாதோர் கூச்சப்பட வேண்டியதில்லை. 'மோஸ்தோ' என்று கேட்டால் திராட்சைச் சாறு தருவர். ஒன்றின் விலை பெரும்பாலும் 2 முதல் 5 யூரோ வரை. உண்டதை நினைவு வைத்திருந்து, புறப்படும்போது சொல்லிப் பணம் கொடுப்பதே பல கடைகளில் வழக்கம். வாடிக்கையாளன் சொல்லை நம்பும் அந்தப் பண்பை நாம் காப்பாற்ற வேண்டும்.

கோடையில் இப்பகுதியில் பயணிகளின் நெரிசல் மிகுதி. ஊர்க்காரர் பலர் அப்போது ஆற்றுக்கு அப்பாலுள்ள கிரோஸ் பேட்டைக்குச் சென்றுவிடுகின்றனர். நாங்களும் இரண்டு மாலைகள் அங்கே சென்று, அமைதியாக உண்டோம். தாயார் அமர நாற்காலியும் அங்கேதான் கிடைத்தது.

சந்தை நாட்கள்

பாஸ்க் அடுக்களையின் வேரைக் காண விரும்புவோர் சந்தைக்குச் செல்ல வேண்டும். தொனோஸ்தியாவிலிருந்து தெற்கே செல்லும் உள்ளூர் இரயிலில் முதலில் தொலோசாவும் பின்னர் ஓர்திசியாவும் வரும். ஓர்திசியாவில் புதன்கிழமை சந்தை. 1512-ஆம் ஆண்டு அரசி குவானா அளித்த உரிமையின்படி நடந்து வருவது. தொலோசாவில் சனிக்கிழமை, ஆற்றங்கரையிலுள்ள மண்டபத்தில் உழவர்கள் தங்கள் விளைபொருளைத் தாங்களே விற்கின்றனர்.

தொலோசாவின் பெருமை அதன் கரிய அவரை விதை. சிறு தீயில் நெடுநேரம் வேகவைத்தால், குழம்பு தானாகவே கெட்டிப்பட்டுக் கருஞ்சிவப்பாகிவிடும். நம் வீட்டு மொச்சைக் குழம்பை நினைத்து உண்ணலாம். புளியும் காரமும் இராது. உடன் முட்டைக்கோசும், பக்கத்து ஊரான இபர்ராவின் மிளகாய் ஊறுகாயும் வைப்பர். பன்றி இறைச்சிப் பண்டங்களையும் கூடவே பரிமாறுவது வழக்கம். சில விடுதிகளில் அவற்றை அவரையோடு சேர்த்தே வேகவைப்பதும் உண்டு. மரக்கறியாளர் முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

கெர்னிகாவின் சந்தை திங்கட்கிழமை. 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாளும் திங்கட்கிழமையே. அன்று பிற்பகல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி அவ்வூரை எரித்தன. பிக்காஸோவின் ஓவியத்தால் உலகம் அறிந்த பெயர் இது. அவ்வூரில் இன்றும் திங்கட்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. அக்டோபர் கடைசித் திங்களன்று பெருஞ்சந்தை. அன்று நாங்கள் அங்கிருந்தோம். காரமற்ற சிறிய கெர்னிகா மிளகாயை எண்ணெயில் வாட்டி, உப்புத் தூவிக் காகிதத்தில் கட்டித் தந்தனர். ஊரே அழிந்த நாளின் பெயரை விடாமல், அதே கிழமையில் கூடை சுமந்து வரும் அம்மக்களிடையே நின்று அதை உண்டபோது எங்களுள் எவரும் பேசவில்லை.

ஆப்பிள் மதுச்சாலையும் மீன் துறையும்

தொனோஸ்தியாவுக்கு அருகிலுள்ள அஸ்திகர்ராகா, எர்னானி ஆகிய ஊர்களில் ஆப்பிள் மதுச்சாலைகள் பல உள்ளன. ஜனவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை அவற்றின் பருவம். பெரிய மரப்பீப்பாயின் திறப்பை இழுத்து ஒருவர் 'சோச்!' என்று கூவியதும், எல்லோரும் உணவை விட்டெழுந்து, தொலைவில் பாயும் மெல்லிய தாரையைக் கோப்பையில் ஏந்துவர். காட் மீன் அடை, மிளகாயோடு வறுத்த காட் மீன், கனலில் சுட்ட மாட்டிறைச்சி, இறுதியில் பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும் குயின்ஸ் பழப்பாகும், வரிசை மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பெத்ரிதேகி போன்ற சாலைகளும் உண்டு. குழந்தைகளுக்கு ஆப்பிள் சாறு கிடைக்கும். மரக்கறிக் குடும்பத்துக்கு உகந்த இடமென்று மட்டும் இதைச் சொல்ல மாட்டோம்.

மீன் உண்போர் கெத்தாரியாவுக்குச் செல்லட்டும். 1522-இல் உலகை முதன்முதல் சுற்றி முடித்துத் திரும்பிய கப்பலின் தலைவர் எல்கானோ பிறந்த துறைமுகம் அது. வீதியிலேயே இரும்புக் கம்பி அடுப்புகளை வைத்து முழு மீனைக் கனலில் வாட்டுகின்றனர். 1964-இல் தொடங்கிய 'எல்கானோ' விடுதி, டர்பட் என்னும் தட்டை மீனுக்கு உலகப் புகழ் பெற்றது. அதற்கேற்ப விலையும் அதிகம். பக்கத்துத் தெரு விடுதிகளில் அதே கடலின் மீனை மிதமான விலையில் எங்கள் குழுவின் இருவர் உண்டு மகிழ்ந்தனர்.

மரக்கறியாளர்க்குச் சில வார்த்தைகள்

இந்நாடு மரக்கறியாளர்க்கு எளிதான நாடன்று, மறைத்துப் பயனில்லை. 'காய்கறிக் கலவை' என்று கேட்டால் மேலே சூரை மீன் தூவி வரும். ஒரு விடுதியில் காய்கறிச் சாறு என்று உறுதி கூறிப் பரிமாறிய கிண்ணத்தின் அடியில் பன்றி இறைச்சித் துணுக்குகள் கிடந்தன. அதை இறைச்சியென்றே அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆகவே, 'ஹராகிரிக் கபே, அர்ரைனிக் கபே' என்னும் இரு தொடர்களை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். 'இறைச்சியின்றி, மீனின்றி' என்பது பொருள். ஸ்பானிய மொழியில் 'பன்றியும் வேண்டா' என்று தனியாகச் சொல்வதும் நன்று.

காளான், தக்காளி, வாட்டிய மிளகாய், நவார்ரா மாநிலத்தின் அஸ்பராகஸ், ஆர்டிசோக் முதலிய காய்கள், நல்ல ரொட்டி, பழம் ஆகியவை எங்கும் கிடைக்கின்றன. முட்டை உண்போர்க்குக் கவலை இன்னும் குறைவு. இதியசாபால் என்னும் ஆட்டுப்பால் கட்டி மிகச் சுவையுடையது. ஆயினும் மரபுப்படி ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றைக் கொண்டு உறையூட்டப்படுவது என்பதை ஆசாரமுள்ளோர் அறிந்திருத்தல் வேண்டும். தேன் ஊற்றி உண்ணும் உறைபாலும் அத்தகையதே. அதற்கு 'மாமியா' என்று பெயர். கேட்டதும் எங்கள் தாயார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

எல்லைக்கு அப்பால், பிரான்ஸின் பகுதியிலுள்ள எஸ்பெலெத்தா கிராமத்தில் வீட்டுச் சுவரெல்லாம் மிளகாய்ச் சரங்கள் செந்நிறமாகக் காய்ந்து கொண்டிருக்கும். அக்டோபர் இறுதியில் மிளகாய்த் திருவிழா. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து நமக்கு வந்த அதே மிளகாய் அங்கேயும் குடியேறி மண்ணின் பெயரைப் பெற்றுவிட்டது. மிதமான காரம், அதில் ஒரு பொட்டலம் வாங்கிக் கொண்டால் மீதி நாட்களின் உணவு தேறிவிடும். அருகிலுள்ள பயோன் நகரில், ஸ்பெயினிலும் போர்த்துகலிலுமிருந்து தஞ்சம் புகுந்த யூதர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கொண்டுவந்த சாக்லேட்டுத் தொழில் இன்றும் தழைக்கிறது.

உணவு நேரத்தையும் மறக்கலாகாது. பகலுணவு ஒன்றரை மணிக்கு மேல். இரவுணவு எட்டரைக்கு மேல். இடையில் சென்றால் அடுப்பே எரியாது. வார நாட்களில் பகலில் 'அன்றைய சாப்பாடு' என்று கேட்டால் 15 முதல் 20 யூரோவுக்கு இரண்டு வகை உணவும், ரொட்டியும், இனிப்பும் தருவர். ஞாயிறு இரவிலும் திங்களிலும் பல விடுதிகள் மூடியிருக்கும்.

அடுக்களையும் மொழியும்

விலைக்கு உணவு கிடைக்காத உணவிடங்களும் அங்கே உண்டு. 'சொக்கோ' எனப்படும் சமையற் சங்கங்கள் அவை. உறுப்பினர் தாமே சமைத்து உண்டு, எடுத்துக்கொண்ட பொருளுக்குக் கணக்கெழுதிப் பணத்தை வைத்துச் செல்வர். தொனோஸ்தியாவின் 'ஊனியோன் அர்த்தேசானா' 1870-இல் தோன்றியது. உறுப்பினர் அழைத்தாலன்றி அயலார் நுழைய இயலாது. நெடுங்காலம் இச்சங்கங்களின் அடுப்பங்கரையில் பெண்களுக்கு இடமில்லாதிருந்தது. இப்போது பலவற்றில் அவ்விதி தளர்ந்துவிட்டது. நகைப்புக்குரிய செய்தி யாதெனில், அந்நாட்டுச் சமையலின் புகழை வளர்த்தவர்களுள் நிக்கொலாசா பிரதேரா போன்ற பெண்மணிகள் முன்னிற்கின்றனர். அவர் 1912-இல் அந்நகரிலேயே விடுதி தொடங்கியவர்.

பிராங்கோவின் ஆட்சியில், 1975 வரை, எயுஸ்காரா மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒடுக்கப்பட்டது. மலைப் பண்ணை வீடுகளின் அடுக்களையில் அது தொடர்ந்து பேசப்பட்டது. கடல் கடந்து குடியேறிய பாஸ்க் மக்களும் சென்ற இடத்திலெல்லாம் 'பாஸ்க் வீடு' என்ற பெயரில் சங்கம் அமைத்துக் கூடி உண்டனர். போனஸ் அயர்ஸ் நகரின் 'லௌராக் பத்' சங்கம் 1877-இல் நிறுவப்பட்டது.

நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரும் இந்நாட்டவரே. நவார்ரா மாநிலத்துக் கோட்டையொன்றில் பிறந்தவர். அக்கரை மக்களின் தாய்மொழி ஒன்று, தம் தாய்மொழியாகிய பாஸ்க் வேறு என்று 1544-இல் எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார்.

ஆதலின் அங்கே செல்வோர் உண்டு முடித்ததும் 'எஸ்கெர்ரிக் அஸ்கோ' என்று நன்றி கூற மறக்க வேண்டா. தொலோசாச் சந்தையில் அவரை விற்ற மூதாட்டி, எங்கள் தாயார் தட்டுத் தடுமாறி அதைச் சொல்லக் கேட்டதும், நிறுத்த பையில் மேலும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அந்த விதைகளைச் சென்ற வாரம் பருப்புப் பானையில் வேகவைத்தோம். சிறிது புளி கூட்டியதில் நன்றாகவே இருந்தது.