சிவப்புக் கோடு பேசாது

அந்த மாணவி என்டர் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு மூன்றாம் முறையும் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், போயிடுச்சா?" என்று கேட்டார்.

போகவில்லை. வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சிக்குரிய கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. பார்வையற்ற அவருக்கோ, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர்தான் கண். அது வாய் திறக்கவில்லை. நாங்கள் அதற்குச் சொல்ல எதையும் கொடுத்திருக்கவில்லை. அந்த உதவித்தொகை விண்ணப்பத்தை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன்.

என்ன பிழை என்று பார்த்தேன். ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பாஸ்புக்கை வாசித்துக்காட்டிய தம்பி, நாம் எல்லோரும் போன் நம்பர் சொல்லும்போது செய்வதுபோல, பூஜ்யத்தை 'ஓ' என்று சொல்லியிருக்கிறான். அவரும் கேட்டதைக் கேட்டபடி தட்டியிருக்கிறார். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்துகள் கொண்டது: முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும், நடுவில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான். வேறு எதுவும் அங்கே வர வழியே இல்லை. அப்படியிருக்க, 'ஓ' வந்தால் நிரலே அதைப் பூஜ்யமாக மாற்றிக்கொண்டிருக்கலாம். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பெண்ணை நாங்கள் காக்க வைத்தோம்.

அன்றிலிருந்து பிழைச்செய்தி எழுத உட்காரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, இந்தச் செய்தி தேவைதானா என்பதைத்தான். ஆதார் அட்டையில் 12 இலக்கங்களும் நான்கு நான்காக, இடைவெளி விட்டு அச்சாகியிருக்கின்றன. பார்த்து எழுதுகிறவர் அப்படியேதான் எழுதுவார். இடைவெளியை நீக்க ஒரு வரி நிரல் போதும். அதை எழுதாமல் 'தவறான ஆதார் எண்' என்று காட்டுவது, நம் வேலையை அவர் தலையில் கட்டுவது.

பெயர்க் கட்டம் இதைவிடக் கொடுமை. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஃபார்மோ 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்கிறது. இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும்' என்கிறது. புள்ளி வைத்தால் 'சிறப்புக் குறிகள் ஏற்கப்படாது' என்கிறது. கடைசியில் ஆள் எதையோ போட்டு ஒப்பேற்றுகிறார். அது இன்னொரு ஆவணத்தோடு பொருந்தாமல் நாளைக்கு அலைகிறார். இங்கே செய்தியை எவ்வளவு கனிவாக எழுதினாலும் பயனில்லை. விதிதான் பிழை. அதை மாற்றச் சொல்லி நிரலாளரிடமும் மேலாளரிடமும் மல்லுக்கட்டுவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான்.

தவிர்க்கவே முடியாத பிழைகளுக்குத்தான் சொற்கள். நம் தளங்களில் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து இறக்கப்பட்டவை: 'தவறான உள்ளீடு', 'செல்லாத வடிவம்', 'புலம் காலியாக இருக்கக் கூடாது'. தபால் நிலைய கவுன்டரில் இருக்கும் அம்மா இப்படிப் பேசுவாரா? "பின்கோடுல ஒரு நம்பர் குறையுதுங்க, பாருங்க" என்பார். அந்த ஒரே வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது: எங்கே, என்ன, என்ன செய்ய வேண்டும். நான் அதை எழுத்து நடைக்குக் கொண்டுவருகிறேன்: 'பின்கோடில் 5 இலக்கங்கள்தான் உள்ளன. 6 வேண்டும்.' எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். எதிரில் இருப்பவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அடித்துவிடுகிறேன். 'இது கட்டாயம்' என்று நான்கு கட்டங்களுக்குக் கீழே எழுதுவதும் வீண். காதால் கேட்பவருக்கு எது 'இது'? 'பிறந்த தேதியை எழுதுங்கள்' என்றால் புரியும்.

டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய அணுகல் நெறிமுறை, 2008இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலிருந்தே இதைக் கேட்கிறது. பிழை எந்தக் கட்டத்தில், என்ன என்று எழுத்தில் சொல்ல வேண்டும். திருத்தும் வழி தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும், பாதுகாப்புக்கு ஊறு வராதவரை. நிறம் மட்டும் போதாது என்பதும் அதில் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அந்தக் கோடு ஊமைதான்.

செய்வது கடினமில்லை. செய்தியைக் கட்டத்தோடு ஏரியா-டிஸ்கிரைப்டுபை என்ற பண்பால் இணைத்தால், கட்டத்துக்குப் போனதும் ஸ்கிரீன் ரீடர் அதையும் சேர்த்து வாசிக்கும். ஏரியா-இன்வேலிட் சேர்த்தால் அங்கே பிழை இருப்பதை அறிவிக்கும். பிழைகள் பல இருந்தால் பக்கத்தின் மேலே ஒரு பட்டியல், ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கட்டத்துக்கு இணைப்பு. என்டர் தட்டியதும் ஃபோகஸ் அந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் அரசின் தளங்கள் இந்த முறையைத்தான் கையாள்கின்றன, பக்கத் தலைப்பின் முன்னால் 'பிழை' என்ற சொல்லையும் சேர்த்து. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிடக் கூடாது. மின்னஞ்சலின் முதல் எழுத்தைத் தட்டியதுமே 'தவறு' என்றால் கண்ணால் பார்ப்பவருக்கு எரிச்சல். காதால் கேட்பவருக்கோ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அதட்டல். இன்னொன்றும் முக்கியம்: பிழை வந்தால் ஏற்கெனவே எழுதியதை அழித்துவிடாதீர்கள். இருபது கட்டங்களை மறுபடி நிரப்பச் சொல்வது, விண்ணப்பிக்காதே என்று சொல்வதற்குச் சமம்.

அணுகலை வலியுறுத்தும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்தால், அணுகலைத் தானாகச் சோதிக்கும் கருவியில் பச்சை விழுந்ததும் நிறுத்திவிடுவோம். கருவி கண்டுபிடிப்பது கொஞ்சம்தான். செய்தி இருக்கிறதா என்று பார்க்கும். புரிகிறதா என்று அதற்குத் தெரியாது.

அந்த மாணவியின் விண்ணப்பம் அன்றே போய்ச் சேர்ந்தது, நான் பக்கத்தில் இருந்ததால். அதே ஃபார்மைத் தனியாக உட்கார்ந்து நிரப்பி, போய்விட்டது என்று நம்பி எழுந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

ஃபார்ம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் ஃபார்மில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்து என்டர் தட்டுங்கள். காதில் என்ன விழுகிறது என்று கேளுங்கள்.